திம்பம் ஏறினால் கூலன்ட் குறைகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை

கோபி எட்டு சீட்டு:
வணக்கமுங்க. 2004 மாடல் டீசல் வண்டி, எட்டு சீட்டு, 2,80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகள் கேட்டார்களே என்று திம்பம் ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியதும் ஹீட் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. இன்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் நிற்கும் ரிசர்வ் டப்பா காலி. ஓரங்கட்டி, நன்றாக ஆறவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் திரும்பினோம்.

உள்ளூரில் ஓட்டினால் வாரம் ஒரு டம்ளர் குறைகிறது. மலை ஏறினால் ஒரு லிட்டருக்கு மேல். வாசலில் நிற்கும்போது கீழே ஈரமே இல்லை. ஒரு பட்டறையில் புது ரேடியேட்டர் மாற்றினார்கள், அப்படியும் நிற்கவில்லை. இப்போது ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, போய்விட்டது என்கிறார்கள். ஹெட்டைக் கழற்ற மனசு வரவில்லை.

அன்னூர் டீசல்:
அவசரப்படாதீங்க. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வருகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, ஆயில் மூடிக்குள் பால் காப்பி நிறத்தில் பசை இருக்கிறதா? மூன்றும் இல்லையென்றால் கேஸ்கெட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

காங்கேயம் மாப்பிள்ளை:
லீக் அடைக்கிற பவுடர் விற்கிறதே, போட்டுப் பாருங்க. எங்க டெம்போவில் ஆறு மாதம் தாங்கியது.

பல்லடத்துக்காரன்:
பவுடர் வேண்டாமுங்க. ஓட்டையை மட்டுமா அடைக்கும்? இப்போதுதான் காசு கொடுத்து வாங்கிய ரேடியேட்டரின் குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

எனக்கு வாட்டர் பாடி, அதாவது கூலன்ட்டைச் சுற்றவிடுகிற பம்பு மேல்தான் சந்தேகம். அதில் பெல்ட் ஓடும் புல்லிக்குப் பின்னால், அடிப்பக்கம், சின்னத் துளை ஒன்று விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வரும். இன்ஜின் சூடாக இருக்கும்போது கசிவது பிளாக் மேல் வழிந்து அங்கேயே ஆவியாகிவிடும், மிச்சம் இன்ஜினுக்குக் கீழே இருக்கிற அடித்தகட்டில் தேங்கும். அப்புறம் வாசலில் எப்படிச் சொட்டும்? ஒழுகுகிறதே என்று யாராவது பசை வைத்து அந்தத் துளையை அடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், பேரிங் போய்விடும்.

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஈரத்தைத் தேடாதீர்கள், காய்ந்த கறையைத் தேடுங்கள். அது சரி, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

கோபி எட்டு சீட்டு:
குமிழி, புகை, பசை எதுவும் இல்லைங்க. ஊற்றுவது தோட்டத்துப் போர் தண்ணீர்தான். வேறு எது இருக்கிறது?

பல்லடத்துக்காரன்:
அதுதான். வெந்நீர் அண்டாவில் படிகிற அதே வெள்ளைக் காரை உள்ளேயும் படியும், வாட்டர் பாடி சீலும் தேய்ந்துவிடும். ஆற்றுத் தண்ணீரும் வேண்டாம். தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்ட் வாங்கி, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் (ஆசிட் அல்ல) சரிபாதி கலந்து ஊற்றுங்கள். மீதியைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் பிழைக்காது.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 0.9 பார் அழுத்தம் நின்றால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் விட்டுப்போனால் 100-லேயே பொங்கும். மேட்டில் கூடுதலாகக் குறைவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூடி மேல் எழுதியிருக்கிற எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

கோபி எட்டு சீட்டு:
பிடித்துவிட்டேனுங்க! வீட்டம்மாவின் பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்துப் போய்ப் பார்த்தேன். புல்லிக்குப் பின்னால் அந்தத் துளை, அதைச் சுற்றி இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பொருக்கு. அங்கிருந்து பிளாக் மேல் கோடு போட்டது மாதிரி ஒரு தடம். அடித்தகட்டைக் கழற்றினால் அரை டம்ளர் சேறு. பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. மூடியின் ரப்பரிலும் வெடிப்பு.

வாட்டர் பாடி, மூடி, பெல்ட் மூன்றும் மாற்றியாயிற்று. போன ஞாயிறு திம்பம் ஏறி ஆசனூர் வரை போய் வந்தோம். முள் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் டப்பாவில் அடையாளத்துக்கு ஒட்டிய டேப்புக்கு ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது. பயப்படணுமா?

பல்லடத்துக்காரன்:
உள்ளே நின்ற காற்று வெளியேறினால் அந்த அளவுக்கு இறங்கும். டேப் வரை நிரப்பிவிட்டு, இன்னும் நாலு நாள் காலையில், வண்டியை எடுக்குமுன் பாருங்க. மறுபடி இறங்கினால் இங்கேயே சொல்லுங்க.