புல்பென் ஈஆர்ஏவை வச்சு பெட் கட்டலாமா?

கடைசிஇன்னிங்ஸ்:
பேஸ்பால்ல பெட் கட்டுற எல்லாரும் இன்னைக்கு ஸ்டார்ட்டர் (மேட்சை ஆரம்பிச்சு வைக்குற பிட்சர்) யாருன்னு மட்டும்தான் பார்க்குறாங்க, ஆனா இப்பல்லாம் ஸ்டார்ட்டர் அஞ்சு இன்னிங்ஸ் தாண்டுறதே பெரிய விஷயம், மிச்சத்தை போடுறது அப்புறமா இறங்குற பிட்சருங்க, அதாவது ரிலீவருங்கதானே. அதனால நான் பார்க்குறது புல்பென் ஈஆர்ஏ, அதாவது ஒரு டீமோட ரிலீவருங்க எல்லாரும் சேர்ந்து ஒம்போது இன்னிங்ஸுக்கு சராசரியா விடுற ரன் (ஃபீல்டர் தப்பால வந்தது சேராது), கம்மியா இருந்தா நல்லது. 2024ல கிளீவ்லாண்ட் கார்டியன்ஸ் புல்பென் 2.57, லீக்லயே அதான் பெஸ்ட். கடைசி இன்னிங்ஸ் போடுற க்ளோசர் இம்மானுவேல் கிளாசே 0.61!! இந்த மாதிரி டீம் ஏழாவது இன்னிங்ஸ்ல ஒரு ரன் முன்னாடி இருந்தா மேட்ச் முடிஞ்ச மாதிரிதான். தப்பா?

கணக்குப்பிள்ளை:
தப்புதான் தம்பி. அந்த 0.61 எப்படி வந்துச்சுன்னு பாரு, வருஷம் பூரா போட்டதே 74 இன்னிங்ஸ் சொச்சம், அதுல ஈஆர்ஏவுல சேர்ற ரன் அஞ்சு. ஒரு ஸ்டார்ட்டர் போடுறதுல பாதி கூட இல்ல. அதே அக்டோபர்ல டெட்ராய்ட்கூட ரெண்டாவது கேம், 0-0, ஒம்போதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட் ஆயாச்சு, கெர்ரி கார்பென்டர் ஒரே அடி, மூணு ரன். சீசன் பூரா அந்தக் கணக்குல விட்டது அஞ்சு, இங்க ஒரு பந்துக்கு மூணு. ப்ளேஆஃப் முடியுறப்ப எட்டு இன்னிங்ஸ்ல எட்டு ரன், ஈஆர்ஏ 9.00. ஆறு மாசம் பார்த்த நம்பர் ரெண்டு வாரத்துக்கு உதவல.

கடைசிஇன்னிங்ஸ்:
ஒரு கேமை புடிச்சுகிட்டு தொங்காதீங்கண்ணே. யாங்கீஸ்கூட மூணாவது கேம்ல கிளீவ்லாண்ட் மேல கட்டி காசு எடுத்திருக்கேன் நானு.

கணக்குப்பிள்ளை:
ஹாஹா அந்த கேமா. எட்டாவது இன்னிங்ஸ், கிளீவ்லாண்ட் 3-1 முன்னாடி இருக்காங்க, ரெண்டு அவுட். அவங்க ரிலீவர் ஹண்டர் காடிஸ் யாங்கீஸோட சோட்டோவுக்கு வாக் (நாலு பந்து தப்பா போட்டா பேட்டருக்கு சும்மா கிடைக்குற பேஸ்) குடுத்துட்டு வெளிய போறாரு, கிளாசே உள்ள வர்றாரு. ஆரன் ஜட்ஜ் ஹோமர் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலிக்கு வெளிய, பேஸ்ல நிக்குறவனும் சேர்ந்து ரன் எடுப்பான்), அடுத்த ஆளு ஸ்டான்டன் ஹோமர். இப்ப கேள்வி: கிளாசே கணக்குல எத்தனை ரன் ஏறுச்சு? ரெண்டுதான். சோட்டோவோட ரன் காடிஸ் தலையில, ஏன்னா அவரை பேஸ்ல விட்டுட்டு போனது அவர்தான். நீ தெய்வமா கும்புடுற ஈஆர்ஏ இப்படித்தான் எழுதுறாங்க, அடுத்தவன் விட்டுட்டு போன ஆளை உள்ள விட்டா ரிலீவருக்கு ஒரு கீறலும் விழாது. உனக்கு காசு வந்தது ஒம்போதாவதுல ரெண்டு அவுட்டுக்கு அப்புறம் கிளீவ்லாண்ட் நோயெல் அடிச்ச ஹோமராலயும் பத்தாவதுல டேவிட் ஃப்ரை அடிச்சதாலயும். புல்பென் கவுத்ததை பேட்டிங் காப்பாத்துச்சு, நீ புல்பென்னுக்கு மாலை போடுற.

ஜெர்சிமாமா:
ரெண்டு பேரும் சண்டையை கொஞ்சம் நிறுத்துங்கப்பா. நியூஜெர்சியில 2018ல ஸ்போர்ட்ஸ் பெட்டிங் சட்டப்படி ஆனதுல இருந்து கட்டிட்டு இருக்கேன். ஈஆர்ஏ ஆகாதுன்னு கணக்குப்பிள்ளை சொல்றது சரி. எட்வின் டியாஸ் 2018ல சியாட்டில்ல 57 சேவ் (முன்னாடி இருக்குற மேட்சை கடைசியில விடாம முடிச்சுக்குடுக்குறது), ஈஆர்ஏ 1.96, மறுவருஷம் மெட்ஸுக்கு வந்து 5.59, நம்மூர் மெட்ஸ் ரசிகனுங்க அழுத அழுகை இன்னும் காதுல கேக்குது. ஆனா அதுக்காக புல்பென்ன பார்க்கவே வேணாம்னு சொல்லாதீங்க. ஸ்ட்ரைக்அவுட்டு (பந்து போட்டே பேட்டரை அவுட் ஆக்குறது) எத்தனை, வாக் எத்தனை, அது அவ்வளவு சீக்கிரம் ஏமாத்தாது. அதைவிட முக்கியம், நேத்தும் முந்தாநாளும் யார் யார் போட்டாங்க, எத்தனை பந்துன்னு பாருங்க. தொடர்ந்து மூணாவது நாள் க்ளோசரை இறக்க மேனேஜருங்க பெரும்பாலும் யோசிப்பாங்க, அப்ப ஒம்போதாவது இன்னிங்ஸ் போடப்போறது நாலாவது அஞ்சாவது ஆளு. டெத் ஓவர் போடுறவன் இல்லாத ஐபிஎல் டீம் மாதிரின்னு வச்சுக்கோங்க.

கணக்குப்பிள்ளை:
மாமா, ஆள் ஃப்ரெஷ்ஷா இருந்தாலும் மேனேஜர் இறக்கணுமே. 2016ல பால்டிமோர் ஸாக் பிரிட்டன், 47 சேவ் சான்ஸ்ல 47ம் அடிச்சவரு, ஈஆர்ஏ 0.54. டொரோண்டோகூட வைல்ட் கார்டு கேம் பதினோராவது இன்னிங்ஸ் வரைக்கும் போச்சு, தோத்தா வீட்டுக்கு, அவரை இறக்கவே இல்ல! உபால்டோ ஹிமெனெஸ் போட்டாரு, என்கார்னாசியோன் மூணு ரன் ஹோமர், முடிஞ்சுது. முன்னாடி இருந்தாதான் க்ளோசர்ங்கிற பழக்கம், சேவ் கணக்குக்காக வந்த வியாதி அது. இந்த முடிவை எந்த நம்பர்ல பார்ப்பீங்க?

கடைசிஇன்னிங்ஸ்:
அப்ப 2014 கன்சாஸ் சிட்டி? ஹெரேரா 1.41, வேட் டேவிஸ் 1.00, ஹாலண்ட் 1.44. அந்த மூணு பேரை வச்சுத்தானே வேர்ல்ட் சீரீஸ் வரைக்கும் போனாங்க

கணக்குப்பிள்ளை:
போனாங்க. ஏழாவது கேம்ல 3-2ன்னு தோத்தாங்க. எதிர் பக்கம் புல்பென்ல இருந்து வந்து அஞ்சு இன்னிங்ஸ் ரன்னே விடாம போட்டது யாரு? பம்கார்னர். ஸ்டார்ட்டர்யா அவரு! எந்த ரிலீவர் லிஸ்ட்லயும் பேரே கிடையாது.

சும்மாபார்க்குறவன்:
பெட் கட்டுறவன் இல்ல நான், ஆனா ஒண்ணு. நீங்க இவ்வளவு பேசுற அதே கிளாசே மேல 2025 நவம்பர்ல கேஸ், காசுக்காக சில பந்தை சொல்லிவச்சு போட்டாருன்னு. குற்றம் பண்ணலன்னு கோர்ட்ல சொல்லியிருக்காரு, அது கோர்ட் பாடு. ஆனா அதுக்கப்புறம்தான் ஒரு பந்து மேல கட்டுற பெட்டுக்கு 200 டாலர்னு லிமிட் வச்சாங்க. ஒரே ஆளு, ஒரே இன்னிங்ஸ், இதுல காசு வைக்கவே எனக்கு பயமா இருக்கு.

ஜெர்சிமாமா:
அது வாஸ்தவம்தான், ஒத்த பந்து பெட்டு நான் தொடுறதே இல்ல. புல்பென் மேல நம்பிக்கை இல்லன்னா முதல் அஞ்சு இன்னிங்ஸுக்கு மட்டும் தனி பெட் இருக்கு, அதுல கட்டுனா ரிலீவர் தலைவலியே பெரும்பாலும் கிடையாது. தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. நீ கட்டுன டீம் எல்லாம் என்ன விலை?

கடைசிஇன்னிங்ஸ்:
பெரும்பாலும் ஃபேவரிட்தான் மாமா, மைனஸ் 150 மாதிரி

கணக்குப்பிள்ளை:
150 கட்டி 100 எடுக்குற. பத்துக்கு ஆறு ஜெயிச்சாதான் போட்ட காசாவது திரும்பும். நல்ல புல்பென்னுன்னு உனக்குத் தெரிஞ்சது புக்மேக்கருக்குத் தெரியாதா, அந்த விலையிலயே அதையும் சேர்த்துதான் விக்கிறான்.

கடைசிஇன்னிங்ஸ்:
இருங்க ஹிஸ்டரி எடுத்து பார்க்குறேன்

கடைசிஇன்னிங்ஸ்:
பார்த்துட்டேன். பாதிக்கு மேல ஜெயிச்சிருக்கேன், ஆனா அக்கவுண்ட்ல காசு குறைஞ்சுதான் இருக்கு. மாமா அந்த முதல் அஞ்சு இன்னிங்ஸ் பெட்டு ஆப்புல எங்க இருக்கு?

கணக்குப்பிள்ளை:
டேய்!