இணைப்பு அறுபடும் ராஸ்பெர்ரி பை: காரணத்தைக் கண்டறிந்த அனுபவங்கள்

வெப்பநிலை உணரிகளின் அளவீடுகளைச் சேகரிக்கும் ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினிப் பலகை ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஈதர்நெட் கேபிளில் இணைந்திருந்த அந்தப் பலகை, ஓடிக்கொண்டிருக்கும்போதே வலையமைப்பிலிருந்து மறைந்து, சற்று நேரத்தில் தானாகவே திரும்பி வரத் தொடங்கியது. கேபிளை மாற்றினேன், சுவிட்சில் வேறு போர்ட்டில் செருகினேன், ரூட்டரில் நிலையான ஐபி முகவரியும் ஒதுக்கினேன். எதுவும் பலன் தரவில்லை. கெர்னல் பதிவை, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்புகளைப் படித்த பிறகுதான் வழி தெரிந்தது. இணைப்பு அறுந்த ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்பாக, மின்னழுத்தம் குறைந்துவிட்டதென்ற எச்சரிக்கை பதிவாகியிருந்தது.

பலகையின் அமைப்பை அறிந்தால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு விளங்கும். பை 3-இல் ஈதர்நெட்டுக்குத் தனிப் பாதை கிடையாது. யூஎஸ்பி போர்ட்டுகளையும் ஈதர்நெட்டையும் ஒரே சில்லு கவனிக்கிறது, அந்தச் சில்லு ஒற்றை யூஎஸ்பி 2.0 தடத்தின் வழியாகவே செயலியுடன் பேசுகிறது. ஆகவே யூஎஸ்பியில் செருகிய வட்டு அதிக மின்னோட்டத்தை இழுத்து மின்னழுத்தம் சரியும்போது ஈதர்நெட்டும் சேர்ந்து விழக்கூடும். ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகை அதைக் குறித்துக்கொள்கிறது. அந்த நிலையைக் கேட்கும் கட்டளைக்கு 50005 என்ற பதினறும எண் விடையாக வந்தால் குறைபாடு இக்கணத்திலேயே இருக்கிறது. 50000 என்றால் கணினி தொடங்கியபின் எப்போதோ நேர்ந்து நீங்கியிருக்கிறது. மெல்லிய, நீளமான மின் கேபிளை அகற்றி, 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் அடாப்டரைப் பொருத்தியபின் இணைப்பு அறுபடவே இல்லை. ரூட்டரைச் சந்தேகிப்பதற்கு முன்பு மின்சாரத்தைச் சோதியுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

* * *

மேலே எழுதிய நண்பர் சொன்னதைப் போலவே, என் அனுபவத்திலும் காரணம் எதிர்பாராத இடத்தில் இருந்தது. பல மாதங்கள் அணைத்து வைத்திருந்த பை 4-ஐ ஓர் அலுவலக வலையமைப்பில் இணைத்தபோது பிங் (மறுமுனை எட்டக்கூடியதா என்று பார்க்கும் சோதனை) பதில் தந்தது, டிஎன்எஸ் பெயர்களும் சரியாகவே முகவரிகளாக மாறின; ஆனால் மென்பொருள் புதுப்பிப்பு உட்படப் பாதுகாப்பான இணைப்புகள் அனைத்தும், தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழில் பிழை என்று காட்டி நின்றன. பை 4-இல் மின்கலத்துடன் இயங்கும் கடிகாரம் இல்லை. அணைந்தபோது சேமித்த நேரத்திலிருந்தே அது மீண்டும் எண்ணத் தொடங்குகிறது, சரியான நேரத்தை என்டிபி சேவையகத்திடம் (வலையமைப்பு வழியே நேரம் சொல்லும் கணினியிடம்) கேட்டுப் பெறுகிறது. அந்த வலையமைப்பிலோ என்டிபி பயன்படுத்தும் யூடிபி 123-ஆம் போர்ட் வெளியே செல்லாதபடி தடுக்கப்பட்டிருந்தது. அதனால் பல மாதங்கள் பின்தங்கிய கடிகாரத்துக்கு, அண்மையில் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் யாவும் இன்னும் நடைமுறைக்கே வராதவையாகத் தோன்றின. உள்ளே இயங்கிய நேரச் சேவையகத்தின் முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதியதும் எல்லாம் சீரானது. இணையமே இல்லாத இடத்துக்குச் செல்லும் பலகை என்றால், டிஎஸ்3231 போன்ற கடிகாரத் தொகுதியைச் சேர்த்துவிடுவதே நல்லது.

* * *

வைஃபை மட்டும் தடுமாறும் பை 4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. யூஎஸ்பி 3.0 சாதனங்களும் அவற்றின் கேபிள்களும் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுகின்றன என்பது அறியப்பட்ட செய்தி. இன்டெல் நிறுவனம் 2012-இலேயே இதை ஆவணப்படுத்தியது. என்னிடம் இருந்த யூஎஸ்பி 3.0 எஸ்எஸ்டி வட்டு, பலகையை ஒட்டியே கிடந்தது. வட்டில் எழுதும் வேலை தொடங்கினால் பிங் பதில்கள் தாமதமாகி, பிறகு தொலைந்துபோயின. வட்டைக் கழற்றினால் உடனே சீராயின. இரைச்சலைத் தடுக்கும் நல்ல உறையுள்ள நீட்டிப்புக் கேபிளால் வட்டைத் தள்ளி வைத்ததிலேயே பெரும்பகுதி தீர்ந்தது, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியபின் இடையூறு அறவே நின்றது. வட்டு இணைந்திருக்கும்போது ஒருமுறை, கழற்றியபின் ஒருமுறை பிங் செய்து பாருங்கள்; வேறுபாடு தெரிந்தால் அமைப்புக் கோப்புகளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.