‘அதிகாரப் பதிவு’ வேண்டாம், ‘நிலைவடிவம்’ போதும்

வணக்கம்.

நூலக மென்பொருளான கோஹாவின் தமிழாக்கத்தில், ஒரே ஆளையோ பொருளையோ குறிக்கும் பல வடிவங்களை ஒரு தலைப்பின்கீழ் சேர்த்துவைக்கும் ‘அத்தாரிட்டி’ பதிவுக்கு ‘அதிகாரம்’ என்றே இருக்கட்டும், பழகினால் சரியாகிவிடும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பழக்கத்தின் பலம் எனக்கும் தெரியும். ‘மென்பொருள்’கூட முதலில் சிரிப்பை வரவழைத்த சொல்தான். ஆனால் இந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்த்த ஒருவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சிறிய நூலகத்தில் சனிக்கிழமைகளில் கோஹா அமைத்துக்கொடுக்கிறேன். அங்கே நூலகர் அம்மா முகப்பில் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், ‘அதிகாரங்கள்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு. ஏன் என்று கேட்டால், “அது செயலாளர் சார் பார்க்கிறதுதானே?” என்றார். அருகில் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்ணுக்கு வேறு சந்தேகம்: “திருக்குறள்ல வருமே, அந்த அதிகாரமா சார்?” இருவர் மீதும் தப்பில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு அந்த இரண்டு பொருளும்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

அன்றைக்கு எங்களை அந்தப் பொத்தானுக்கு அனுப்பியவர் எழுத்தாளர் மௌனி. அவர் பெயரைத் தேடினால் ஒரு புத்தகம் வந்தது. அலமாரியில் இரண்டு இருந்தன. அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: இரண்டாவது புத்தகத்தில் ‘மெளனி’ என்று தட்டியிருக்கிறார்கள். ஔகாரக் குறியைப் போடாமல், ‘மெ’ போட்டு அடுத்து ‘ள’ எழுத்தைச் சேர்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு இரண்டு ஆள். ஒரே எழுத்தை வெவ்வேறு விதமாகத் தட்டினாலும் ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்கமும் இதில் உதவாது. ‘ொ’ குறியை இரண்டு துண்டாகத் தட்டினால் அதை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘ள’ தனி எழுத்தாயிற்றே, அதை எப்படித் தொடும்? புத்தகப் பதிவில் பிழையைத் திருத்திவிட்டோம். ஆனால் நாளைக்கு வரும் வாசகரும் அதேபோலத் தட்டுவார். அதனால் பிழையான வடிவத்தையும் எங்காவது வைத்திருந்தாக வேண்டும். அந்த இடம்தான் இந்தப் பதிவு.

இங்கே யாரும் மேலிருந்து உத்தரவு போடுவதில்லை. ‘புதுமைப்பித்தன்’ என்பதைத் தலைப்பாக வைப்போம், ‘சொ. விருத்தாசலம்’ என்று தேடி வருபவரையும் அங்கேயே அனுப்புவோம் என்று பட்டியலிடுபவர் ஒருமுறை முடிவுசெய்து, எல்லாப் புத்தகத்துக்கும் அதையே பின்பற்றுகிறார். எது உண்மையான பெயர் என்கிற வழக்கே கிடையாது. எதன்கீழ் திரட்டுவது என்கிற ஏற்பாடு, அவ்வளவுதான். வாசகரின் நேரத்தைச் சேமி என்று 1931இல் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் விதியாக எழுதிவைத்ததன் ஒரு சின்ன வேலை இது.

வந்த மாற்றுச் சொற்களுக்கு வருகிறேன். ‘சான்றுப் பதிவு’ என்றால் சாதிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். ‘முதற்பெயர்’ படிவங்களில் வேறு வேலை பார்க்கிறது. ‘தலைச்சொல்’ நல்ல சொல், அதை விட மனமே வரவில்லை. ஆனால் அகராதியில் ஒவ்வொரு சொல்லும் தலைச்சொல்தான். பல வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தோம் என்பது அதில் தெரிவதில்லை. நான் முதலில் சொன்னது ‘நிலைப்பெயர்’. சென்னை, மெட்ராஸ் வரை அது தாங்கும். ‘மழைநீர் சேகரிப்பு’, ‘மழைநீர் அறுவடை’ போன்ற பொருள் தலைப்புகளுக்கு வந்ததும் படுத்துவிடுகிறது, அவை பெயர் அல்லவே. ஆகவே அதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்போது ‘நிலைவடிவம்’ என்கிறேன். நிலைக்கண்ணாடியில் உள்ள ‘நிலை’தான். ‘நிலைவடிவப் பதிவு’, ‘நிலைவடிவங்கள்’ என்று பன்மையிலும் தொடரிலும் சிக்கல் இல்லை, பொத்தானிலும் அடங்குகிறது. போன சனிக்கிழமை திரையில் மாற்றிவைத்துவிட்டு ஒன்றும் விளக்காமல் உட்கார்ந்திருந்தேன். “சுஜாதாவுக்கு நிலைவடிவம் போட்டாச்சு சார், ரங்கராஜனை உள்ளே சேர்த்துட்டேன்” என்றார் அதே அம்மா. பேச்சில் தானாக வந்து விழுந்ததே, அதற்குமேல் எனக்குச் சோதனை தேவைப்படவில்லை.

ஆளுக்கொரு சொல் வைத்தால் நூலகங்களுக்கிடையே பதிவு பரிமாறுவது கெடுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கெடாது. நூலகப் பதிவுகளைக் கணினியில் எழுதுவதற்கான பொதுத் தரம் மார்க் 21. அதில் நபர் பெயரின் ஏற்ற வடிவம் 100ஆம் புலத்தில், மற்ற வடிவங்கள் 400இல். எந்த மொழியிலும் எண் அதே எண்தான். அந்தத் தரம் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருப்பதால், எங்கள் மௌனி பதிவை வேறொரு நூலகம் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். இந்த நூலகத்தில் முன்பு காசு கொடுத்து வாங்கிய மென்பொருளோ தரவை அச்சிட்டுத்தான் தரும். அந்தத் தாள்களைப் பார்த்துத் திரும்பத் தட்டியபோதுதான் ‘மெளனி’யே பிறந்தார் என்று சந்தேகிக்கிறேன்.

அப்புறம், 400க்கும், தொடர்புள்ள வேறு தலைப்புகளைக் காட்டும் 500க்கும் புதுச்சொல் தேட வேண்டாம். பழைய அட்டைப் பட்டியலில் இருந்த ‘காண்க’, ‘மேலும் காண்க’ இரண்டையும் அப்படியே எடுத்து மொழிபெயர்ப்புக் கோப்பில் போட்டுவிட்டேன். ‘நிலைவடிவம்’ மட்டும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது.