நைனா நினைவுநாள் புதிர்த்தாள்

குழு: பழைய வண்ணாரப்பேட்டை வீடு

தீபிகா: பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை தாத்தா நினைவுநாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கவிருக்கும் கட்டப் புதிரை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். இரண்டு விடைகள் வருகின்றன. தாளில் உள்ள எல்லா விதிகளுக்கும் இரண்டுமே பொருந்துகின்றன.

சந்தானம் பெரியப்பா: அப்படி வர வழியில்லை அம்மா. தாளில் இருப்பதை அப்படியே அனுப்பு.

தீபிகா:
க □ □ □ ச
□ க □ □ □
□ □ □ □ □
□ □ □ ட □
ச □ □ □ □

கலா அத்தை: இது சுடோகுதானே அண்ணா?

சந்தானம் பெரியப்பா: இல்லை கலா. ஜப்பானின் நிக்கோலி புதிர் இதழில் 1991ஆம் ஆண்டு வந்த நூரிகாபே வகையைச் சேர்ந்தது இது. அங்கே கட்டங்களில் எண்களையே கொடுத்துவிடுவார்கள். நான் எண்களை எழுத்துகளுக்குள் மறைத்திருக்கிறேன். ஒரே எழுத்து எங்கு வந்தாலும் ஒரே எண், வேறு எழுத்து என்றால் வேறு எண். ஒவ்வோர் எழுத்தும் ஒரு வெள்ளைத் தீவில் இருக்கிறது. அந்தத் தீவில் எத்தனை கட்டங்கள் உள்ளனவோ அதுதான் அதன் எண். ஒரு தீவில் ஓர் எழுத்துதான் இருக்கலாம். இரண்டு தீவுகள் மூலையில் தொடலாம், பக்கத்தில் ஒட்டக் கூடாது. மற்றவற்றையெல்லாம் கறுப்பாக்க வேண்டும். கறுப்பு எங்கும் அறுபடாமல் தொடர வேண்டும், ஆனால் 2க்கு 2 சதுரமாக நான்கு கட்டங்கள் சேர்ந்து கறுப்பாகிவிடக் கூடாது.

ரவி சித்தப்பா: அண்ணா, சாப்பாடு எத்தனை பேருக்குச் சொல்வது?

கலா அத்தை: அதை ஆயாவிடம் கேட்டுக்கொள்ளலாம் ரவி. நீ வரும்போது நைனாவின் கேரம் பலகையை மறக்காமல் கொண்டு வா.

ரவி சித்தப்பா: நைனா அதை என் கையில்தான் கொடுத்தார் என்பதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தானம் பெரியப்பா: பலகையைப் பிறகு பேசுவோம். புதிரின் வாசல் அந்த இரண்டு க எழுத்துகள்தான். மூலையில் ஒரு க இருக்கிறது, அதற்குக் குறுக்காக இன்னொரு க இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இரண்டு கட்டங்களில் எதை வெள்ளையாக விட்டாலும் இரு தீவுகளும் ஒட்டிவிடும், ஆகவே இரண்டும் கறுப்பு. அப்போது மூலையில் உள்ள க தன் கட்டத்தை விட்டு நகரவே முடியாது. க என்றால் 1 என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. அது தெரிந்ததும் இரண்டாவது க எழுத்தைச் சுற்றியுள்ள நான்கு கட்டங்களும் தாமாகக் கறுப்பாகிவிடுகின்றன. ஓர் எண்ணைக்கூடக் கொடுக்காமல் ஒரு பிள்ளையை இவ்வளவு தூரம் அழைத்து வர முடிகிறதே, அதற்காகத்தான் இந்தப் புதிரை அமைத்தேன்.

தீபிகா: அதுவரை எனக்கும் அப்படியே வந்தது பெரியப்பா, மிகவும் ரசித்தேன். ச எழுத்தை 2 என்று வைத்தால், மேல் ச தன் இடப்பக்கக் கட்டத்தையும் கீழ் ச தனக்கு மேலே உள்ள கட்டத்தையும் எடுத்துக்கொள்கின்றன. ட எழுத்து தனக்கு மேலேயும் இடப்பக்கமும் உள்ள கட்டங்களைச் சேர்த்துக்கொள்கிறது. சிக்கல் நட்டநடுக் கட்டத்தில் இருக்கிறது. அதைக் கறுப்பாக்கினால் ட 3, வெள்ளையாக விட்டால் ட 4. எதுவும் அறுபடவில்லை, எங்கும் நான்கு கறுப்பும் சேரவில்லை.

சந்தானம் பெரியப்பா: கறுப்புக் கட்டங்கள் மொத்தம் 16 என்ற கடைசி வரியைப் பார்க்கவில்லையா?

தீபிகா: என்னிடம் உள்ள தாளில் அந்த வரியே இல்லை.

கார்த்திக்: அப்பா, நீங்கள் எழுதிக் கொடுத்த தாளில் அந்த வரி இருக்கிறது. கடையில் ஜெராக்ஸ் எடுத்தபோது அடிப்பகுதி விழவில்லை. எல்லாத் தாள்களும் அப்படித்தான் இருக்கின்றன.

சந்தானம் பெரியப்பா: அந்த ஒரு வரிதான் புதிரைப் பூட்டுகிறது. மொத்தம் 25 கட்டங்கள், கறுப்பு 16 போக வெள்ளை 9. இரண்டு க எழுத்துகளுக்கு 2 போனால் மீதி 7. இரண்டு ச எழுத்துகளும் ஒரு ட எழுத்தும் சேர்ந்து அந்த 7 ஆக வேண்டும். ச 2 என்றால் ட 3. ச 3 என்றால் ட 1 ஆகிவிடும், அந்த 1 ஏற்கெனவே க எழுத்துக்கு உரியது. ஆகவே விடை ஒன்றுதான். வரி இல்லாத தாளைக் கொடுத்தால், சரியாக யோசித்த பிள்ளைக்கு நாமே தவறு என்று சொல்ல நேரும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ரவி சித்தப்பா: போட்டி தொடங்கும்போது அந்த வரியைச் சத்தமாகப் படித்துவிட்டால் போதுமே.

கலா அத்தை: கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு தாமதமாக வரும் என் பேரப்பிள்ளைகளுக்கு அதை யார் படிப்பது?

ரவி சித்தப்பா: அப்படியானால் கையால் எழுதிக் கொடுங்கள். போன முறை பரிசைப் பங்கு போட்டபோது நிதின் எவ்வளவு அழுதான் என்பது உங்களுக்கெல்லாம் மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

கலா அத்தை: அதை இன்னும் எத்தனை காலம் பேசுவாய் ரவி?

ரவி சித்தப்பா: நிதின் என் போனில் பார்த்துவிட்டு இதைப் போட்டுக் கொடுத்தான். சரியா என்று சொல்லுங்கள் அண்ணா.
க ■ ■ □ ச
■ க ■ □ ■
■ ■ ■ ■ ■
□ □ ■ ட □
ச ■ ■ ■ ■

தீபிகா: ச 3, ட 2! இது எனக்குத் தோன்றவே இல்லை. கறுப்பு 15தான் வருகிறது, ஆனால் அந்த வரி இல்லாத தாளுக்கு இதுவும் சரியான விடை.

சந்தானம் பெரியப்பா: ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன், எங்கும் குறையில்லை. நிதினிடம் பெரியப்பா மிகவும் மகிழ்ந்தார் என்று சொல் ரவி.

கலா அத்தை: மகிழ்ச்சிதான் அண்ணா, ஆனால் போட்டியில் உட்காரப் போகிற பிள்ளை புதிரை முன்பே பார்த்துவிட்டானே?

ரவி சித்தப்பா: தீபிகா குழுவில் போட்டதைத்தானே அவன் பார்த்தான்? அதற்காக அவனை உட்கார வைக்க மாட்டேன் என்றால் நாங்கள் வருவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

சந்தானம் பெரியப்பா: யாரையும் விலக்கப் போவதில்லை. இன்றிரவு வேறொரு புதிர் அமைத்து தீபிகாவுக்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன். அவள் ஒரே விடைதான் என்று சொன்ன பிறகே அச்சுக்குப் போகும்.

கார்த்திக்: கடை ஒன்பது மணிக்கு மூடிவிடும் அப்பா. முடியாவிட்டால் பழைய தாளிலேயே அந்த வரியைக் கையால் எழுதிவிடட்டுமா?

கலா அத்தை: அப்படிச் செய்தால் நிதின் விஷயம் என்னாவது?

சந்தானம் பெரியப்பா: முதலில் எட்டரை வரை எனக்கு நேரம் கொடுங்கள்.