ஹெரால்டு மார்க் 3 ட்ரன்னியன்: பழையதா, ரீப்ரோவா?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். வண்டலூரில் தயாரான நாலு கதவு வண்டி. இதன் மூல வண்டியான ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு பிரிட்டனில் இன்றும் ரீப்ரோ, அதாவது புதிதாகச் செய்த நகல் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் அங்கே வந்ததெல்லாம் இரண்டு கதவுதான், நம் பின் கதவுக்கு அவை உதவாது.

ரப்பர், பிரேக் ஹோஸ், புஷ் எல்லாம் புதுசே போடுகிறேன். உயிர் விஷயத்தில் ஒரிஜினல் பார்க்கக் கூடாது. குழப்பமே முன் சஸ்பென்ஷனின் அடி மூட்டான ட்ரன்னியனில்தான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டான வெர்டிகல் லிங்க்கின் மரை இதற்குள்தான் சுழலும். கிரீஸ் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். ஆயில் வற்றினால் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் லிங்க் உடைந்து சக்கரமே மடங்கிவிடும். என் பழைய ஜோடியில் மரை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, லேசாக ஆட்டமும் இருக்கிறது.

ரீப்ரோ ட்ரன்னியன் போட்டு ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பழைய லிங்க்கோடு சேர்ந்ததா, இல்லை லிங்க்கையும் மாற்ற வேண்டி வந்ததா? எந்தத் தயாரிப்பை நம்பலாம்?

இன்னொன்று. பின் கதவு பீடிங், கைப்பிடி பழசாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், புள்ளி விழுந்திருந்தாலும் பரவாயில்லை. பம்பரை மாற்ற எனக்கு மனமே இல்லை. அந்தக் காலத் தகட்டின் கனம் கையில் எடுத்தாலே தெரிகிறது. நெளிவு எடுத்து, நிக்கல் போட்டு, அதன்மேல் குரோம் பூசித் தரும் நல்ல பட்டறை சென்னைப் பக்கம் எங்கே இருக்கிறது?