டெங்கு துண்டறிக்கை: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: ஏ4, மூன்று மடிப்பு. ஐந்து எழுத்துரு, ஏழு நிறம், இடமே இல்லாமல் எழுத்து. யாரும் படிப்பதில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில் 1: முதல்ல வெட்டுங்க. முகப்புக்கு ஒரே செய்தி போதும்: "தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடுங்கள்." 'தேய்த்து' முக்கியம், கொசு முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். எழுத்தளவு: தலைப்பு 28 புள்ளி (பாயிண்ட்), துணைத்தலைப்பு 16, உள்ளடக்கம் 11. அளவுகள் நல்லா விலகி இருக்கணும்; 12க்கும் 14க்கும் கண்ணுக்கு வித்தியாசம் பெருசா தெரியாது. உள்ளடக்கத்துக்கு வரி இடைவெளி 16 பாயிண்ட் வைங்க. குறைஞ்சா மேல்வரி உகரச் சுழியும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கும்.

பதில் 2: உள்ளே மடியும் பகுதி 97 மிமீ, மற்ற இரண்டும் 100. மூன்றையும் 99 வெச்சா உள்மடிப்பு முட்டி வளையும். தாளோட உள்பக்கத்துல வலதுல வர்ற 97 மிமீ பகுதி, வெளிப்பக்கத்துல இடதுல வரும். பலர் கோட்டைவிடுற இடம் இதுதான்.

பதில் 3: சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும், 100%. நாலு அச்சு மையும் கலந்த கறுப்புன்னா அச்சு இம்மி விலகினாலும் ஓரத்துல நிழலடிக்கும்.