40 மீட்டர் ஹாம் ரேடியோ அலைவரிசைக்குக் குட்டை ஆன்டெனா: ரேடியல் (தரைக்கம்பி) யோசனை வேண்டும்

வணக்கம் அண்ணன்மார்களே, மலேசியாவில் ஜெலுத்தோங்கில் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடு, இடம் குறைவு. 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) உயரம் சுமார் 10 மீட்டர் வேண்டும். எனக்குக் கிடைப்பது 5 மீட்டர்தான். அதனால் அலுமினியக் குழாயின் உச்சியில் ஒன்றரை மீட்டர் கம்பி நான்கைக் குடைக்கம்பி மாதிரி விரித்து, முனைகளைச் சுற்றிக் கம்பியால் இணைத்தேன். அடியில் இருக்கும் மின்னோட்டம் உச்சிவரை அதிகம் குறையாமல் போகத்தான் இந்தத் தொப்பி.

மேட்சிங் (மின்தடையைப் பொருத்தும் சுற்று) எதுவும் போடவில்லை, ஆனாலும் எஸ்டபிள்யூஆர் (கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2! எனக்கு அதுதான் கவலை. இந்த உயரத்துக்குக் கதிர்வீச்சு மின்தடை (அலையாக வெளியே போகும் சக்திக்கான பங்கு) 16 ஓம் சுமார்தான் வரணும். 50 ஓம் கேபிளில் 1.2 வந்தால் மொத்தம் 42 ஓமாவது இருக்கும். மீதி 25 ஓமுக்கு மேல் தரையில் சூடாகப் போகிறது என்றுதானே அர்த்தம்? ரேடியல் நான்குதான், சுவரோரம் மடங்கிக் கிடக்கிறது, வாசலெல்லாம் சிமெண்ட்.

3 மீட்டர் நீளத்தில் பதினாறு ரேடியல் போடவா, இல்லை தரையிலிருந்து தூக்கி இரண்டு கட்டவா? இடமில்லாத வீட்டில் செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.